அடைக்கலம் ஓர் அமானிதம்

நம் புதுவை, அஞ்சி வந்தோருக்கு அரணாயிருந்த ஊர் என்பதை எண்ணிப் பார்த்ததுண்டா? 1908இல் பாரதியாரும், 1910இல் அரவிந்தரும் ஆங்கில ஆட்சிக்குத் தப்பி இங்கு வந்தனர். ஆங்கிலேயர் நெருக்கியும் பிரெஞ்சு ஆட்சி அவர்களை ஒப்படைக்கவில்லை. 1918இல் எல்லையைக் கடந்தவுடன் கடலூரில் பாரதியார் கைதானார்.

கி.பி. 615இல், மக்காவின் கொடுமை தாளாத முஸ்லிம்கள், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் சொற்படி அபிசீனியாவுக்கு ஹிஜ்ரத் செய்தனர். பின்னர்க் குறைஷியர் பரிசுகளுடன் தூதரை அனுப்பி அவர்களைத் திருப்பிக் கேட்டனர். கிறித்தவ மன்னர் நஜ்ஜாஷியோ, ஜஅஃபர் (ரலி) அவர்களின் விளக்கத்தைக் கேட்டார், பரிசுகளைத் திருப்பினார், வந்தவர்களைத் திருப்பவில்லை.

அபயம் கேட்பவர் இணைவைப்பவராயினும், அவருக்கு அபயமளித்துப் பாதுகாப்பான இடத்தில் சேர்க்குமாறு திருமறையின் ஒன்பதாம் அத்தியாயம் பணிக்கிறது. 1948இன் உலக மனித உரிமைப் பிரகடனமும், 14ஆம் விதியில், புகலிடம் தேடும் உரிமையைக் கூறுகிறது. ஆயினும் கதவைத் திறக்கும் கடமையை எந்நாட்டின் மீதும் அது சுமத்தவில்லை. அக்கடமையை உணர்த்துவது ஈமானே.

எல்லையைக் காப்பது ஆட்சியின் பொறுப்பு. வருபவர் யாரென விசாரிப்பதும் முறையே. நஜ்ஜாஷியும் விசாரித்தார். கேளாமலே விரட்டுவதுதான் அநீதி.

புதுவைக்கு வடக்கே, கீழ்ப்புத்துப்பட்டு முகாமில் இலங்கைத் தமிழர் வாழ்கின்றனர். எல்லைச் சட்டம் நம் கையில் இல்லை. அவர்களுக்கு ஸலாமத்தை நாடும் நெஞ்சமும், நீட்டும் கரமும் நம்மிடம் உள்ளனவே! அவற்றைப் பற்றித்தான் மறுமையில் நாம் விசாரிக்கப்படுவோம்.