அச்சுப்பொறியும் மாணாக்கர் குரலும்

வகுப்பறையிலே ஆசிரியர் பேச, மாணாக்கர் கேட்டல் என்னும் வழக்கினைக் கருவியொன்றின் துணைகொண்டு மாற்ற முனைந்தோருள் பிரான்சு தேசத்துச் செலஸ்தென் பிரெனே (1896–1966) முன்வைத்து எண்ணத்தக்கவர். முதலாம் உலகப் போரில், 1917ஆம் ஆண்டு, நெஞ்சிற் குண்டு பாய்ந்து நுரையீரல் பழுதுற்ற இவர், 1920இல் தென்கிழக்குப் பிரான்சின் மலைக் கிராமமாகிய பார்-சூர்-லூவில் ஆரம்ப பாடசாலை ஆசிரியரானார். நெடுநேரம் உரத்துப் பேச அவரால் இயலவில்லை. குரல் தளர்ந்தமையாலேயே பிள்ளைகளின் குரலைத் தேடினார் என்பாருமுளர். அஃது அரை உண்மையே. போர்முனையினின்று மீண்டவர், கேள்வியின்றி அடங்கும் பழக்கத்தையே வெறுத்தார்.

பிள்ளைகளை அவர் வயல்வெளிக்கும் தொழிலாளரின் பட்டறைகளுக்கும் அழைத்துச் செல்வார். திரும்பியதும் அவர்கள் கண்டவற்றைக் கூற, கரும்பலகையில் எழுதுவார். ஆயின் பாடவேளை முடிந்ததும் பலகை துடைக்கப்படும். தம் வாழ்வோடு ஒட்டாத பாடநூலைப் பிள்ளைகள் மீண்டும் திறப்பர். 1924இல் வகுப்பிற் புகுந்த சிறிய கையச்சுப்பொறி இக்குறையை நீக்கிற்று.

பிள்ளைகள் தாம் விரும்பியதை விரும்பியபோது எழுதினர். எழுதியவற்றை வகுப்பில் வாசித்து, அச்சேறத் தக்கது எதுவென வாக்களித்துத் தேர்ந்தனர். பின்னர் அது பலகையிலே எல்லோராலும் திருத்தப்பட்டது. ஈய எழுத்துக்களை ஒவ்வொன்றாக எடுத்து, இடவல மாற்றமாகக் கோத்து, மை தடவி அழுத்தினர். எழுத்தொன்று தவறினும் தாள் முழுவதிலும் அத்தவறு தெரியும். எனவே ஆசிரியரின் சிவப்பு மைக்கு அஞ்சித் திருத்தியோர், வாசிப்போரை எண்ணித் திருத்தலாயினர். வாசிப்போரும் கற்பனையானவர் அல்லர். தோடை மரங்கள் நிறைந்த அம்மலையூரிலிருந்து தாள்கள் மேற்குக் கோடியிலுள்ள பிரத்தாஞ் மாநிலத்துக் கடற்கரைப் பாடசாலையொன்றுக்குச் சென்றன. அங்கிருந்து மீனவர் பிள்ளைகளின் தாள்கள் வந்தன. புவியியலை இதனினும் நன்கு எந்நூல் கற்பித்திருக்கும்?

இக்காலத்து வகுப்புக்களிற் கணினியும் கைப்பலகையும் புகுந்துள்ளன. பிறர் ஆக்கிய வினாவுக்குப் பிறர் வகுத்த நான்கு விடைகளுள் ஒன்றைத் தொட்டுக் காட்டும் மாணாக்கன் பேசியவனாகான். பிரெனேயின் பொறி இவற்றோடு ஒப்பிடின் மிக மந்தமானது. ஒரு பக்கத்துக்கே நெடுநேரம் வேண்டும். அம்மந்தமே சொல்லை நிறுத்துப் பார்க்க அவகாசம் தந்தது. (பாடசாலைச் சஞ்சிகைகளின் மாணவர் பகுதியில் ஆசிரியரின் நடையே மிகுவதையும் ஈண்டு நினைவு கூரலாம்.)

எனினும் குரல் கொடுப்பதற்கு விலையுமுண்டு. 1928இற் பிரெனே சென்-போல் என்னும் ஊருக்கு மாறினார். அங்கே மாணவனொருவன் தான் கண்ட கனவொன்றை எழுதினான். பாடசாலைப் பொருள்களை இலவசமாக வழங்க மறுத்த ஊர் மேயருக்கெதிராக வகுப்புக் கிளர்ந்தெழ, மேயர் கொல்லப்படுகிறார், இதுவே கனவு. அதுவும் அச்சேறிற்று. 1932இன் இறுதியில் எதிர்ப்பாளர் அதனைச் சுவரொட்டிகளிற் பரப்பினர். செய்தித்தாள்கள் கிளர்ச்சியைப் பெருக்கின. அதை அச்சிட்டமை விவேகமோ என ஆசிரியர் எவரும் வினவுவர், வினவுதலும் முறையே. ஆயினும் பூக்களையும் பறவைகளையும் பற்றி மட்டும் பேச விடும் ஆசிரியர், பிள்ளைகளுக்கு இரவற் குரலையே அளிக்கிறார்.

1933இல் அரசு அவரை இடமாற்றியது. அவர் அதனை ஏற்காது அரசப் பணியினின்று விலகி, அண்மையிலுள்ள வான்ஸ் நகரில் 1935இல் தம் சொந்தப் பாடசாலையைத் திறந்தார். அப்பாடசாலையை 1991இல் பிரெஞ்சு அரசே வாங்கி, அரசப் பாடசாலை ஆக்கிக்கொண்டது.