முதல் நாள் பயனருக்கு ஒரு கையேடு

டெபியன், 1993-இல் இயன் மர்டாக் தொடங்கிய, லினக்ஸ் கருவைக் கொண்ட திறமூல இயங்குதளம். அதன் மூலநிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். உபுண்டுவும், நம் நாட்டில் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இதிலிருந்து கிளைத்தவையே. டெபியனை உருவாக்குபவர்கள் உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள். விலை கொடுத்து வாங்குகிற பொருள் அல்ல என்பதால், சிக்கல் வந்தால் கூப்பிட்டுக் கேட்கக் கடைக்காரரும் இல்லை, வாடிக்கையாளர் சேவை எண்ணும் இல்லை. தெரிந்தவர் யாரும் பக்கத்தில் இல்லாத புதியவருக்குக் கையேடுதான் துணை. அது புரியாவிட்டால் இரண்டே நாளில் பழைய இயங்குதளத்துக்குத் திரும்பிவிடுவார்.

யூனிக்ஸ், லினக்ஸ் உலகத்தில் ஆவணங்களுக்குப் பஞ்சம் இருந்ததே இல்லை. கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் பெல் ஆய்வகத்தில் எழுதிய யூனிக்ஸ் கையேட்டின் முதல் பதிப்பு 1971 நவம்பர் 3 தேதியிட்டது. கட்டளையின் பெயர், எழுதும் முறை, விளக்கம், தெரிந்த பிழைகள் என்று அது வகுத்த அமைப்பு இன்றும் ‘மேன் பக்கங்கள்’ என்ற பெயரில் லினக்ஸில் தொடர்கிறது. சொந்தப் பிழைகளைத் தானே பட்டியலிடும் அந்த நேர்மை பாராட்டத்தக்கது. ஆனால் மேன் பக்கத்தைத் திறக்க, எந்தக் கட்டளை வேண்டும் என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும். புதியவருக்குத் தெரியாதது அதுதான். இந்தக் குறையைப் போக்கத்தான் 1992-இல் லினக்ஸ் ஆவணத் திட்டம் தொடங்கியது. ‘இதைச் செய்வது எப்படி’ என்ற வகையில் அது வெளியிட்ட சிறு வழிகாட்டிகள் ஒரு தலைமுறைக்கே லினக்ஸ் கற்றுக்கொடுத்தன.

கைபிடித்து நடத்தும் பாடம், குறிப்பிட்ட வேலைக்கான செய்முறை, புரட்டிப் பார்க்கும் தகவல் ஏடு, காரணம் சொல்லும் விளக்கம் என ஆவணங்களை நான்காகப் பிரிக்கிறார், தொழில்நுட்ப ஆவணங்களைப் பற்றி எழுதும் டானியேலே புரோசிடா. நான்கையும் ஒரே பக்கத்தில் கொட்டுவதுதான் புதியவரைத் திணறடிக்கிறது. வட்டைப் பிரிக்கும் படியில் நிற்பவருக்குக் கோப்பு முறைமைகளின் வரலாறு தேவையில்லை. அடுத்து எதை அழுத்துவது, அழுத்தினால் திரையில் என்ன தெரியும் என்பதுதான் தேவை.

நிறுவுவதையே எடுத்துக்கொள்ளலாம். பதிவிறக்கப் பக்கத்திலேயே முதல் தடை வருகிறது. சாதாரண 64 பிட் கணினிக்கான கோப்பின் பெயரில் ‘ஏஎம்டி64’ என்று இருக்கும். இன்டெல் கணினி வைத்திருப்பவர் இது நமக்கானது இல்லை என்று நினைத்து விலகிவிடுவார். இன்டெலுக்கும் இதே கோப்புதான் என்று ஒரு வரி அங்கேயே இருந்தால் போதும்.

அடுத்து, அந்தக் கோப்பைப் பென் டிரைவில் எழுத வேண்டும். ‘டிடி’ என்ற ஒற்றைக் கட்டளையைச் சொல்லும் வழிகாட்டிகள் ஏராளம். எந்த வட்டில் எழுதுவது என்பதை அந்த வரியில் கொடுக்க வேண்டும். பல கணினிகளில் உள்ளே இருக்கும் வட்டின் பெயர் எஸ்டிஏ, செருகிய பென் டிரைவின் பெயர் எஸ்டிபி. ஓர் எழுத்து மாறினால் வீட்டுக் கணக்கும் குழந்தைகளின் படங்களும் இருந்த வட்டு போய்விடும். நிச்சயம்தானா என்று டிடி கேட்காது. எனவே நல்ல கையேடு கட்டளையைக் காட்டுவதற்கு முன்பே நிறுத்தும். பென் டிரைவைச் செருகாமல் ஒரு முறையும், செருகிய பின் ஒரு முறையும், வட்டுகளைப் பட்டியலிடும் ‘எல்எஸ்பிஎல்கே’ கட்டளையைக் கொடுத்துப் பார்க்கச் சொல்லும். புதிதாகத் தோன்றிய பெயரையும் அதன் கொள்ளளவையும் சரிபார்க்கச் சொல்லும். கட்டளைக்குக் கீழே எழுதிய எச்சரிக்கையால் பயனில்லை, படிப்பவர் அதற்குள் என்டர் தட்டியிருப்பார்.

நிறுவியில் தடுமாற வைக்கும் இன்னொரு இடம் உண்டு. ரூட் என்னும் நிர்வாகப் பயனருக்கான கடவுச்சொல்லை அங்கே நிரப்பினால், முதல் பயனருக்கு நிர்வாகக் கட்டளைகளை இயக்கும் ‘சூடோ’ உரிமை கிடைக்காது. காலியாக விட்டால் கிடைக்கும். இதை அறியாதவர், உபுண்டுவுக்காக எழுதிய குறிப்பைப் பார்த்துச் சூடோ என்று தொடங்கும் கட்டளையைக் கொடுப்பார். உங்களுக்கு அனுமதி இல்லை என்று கணினி பதில் சொல்லும். குற்றம் செய்துவிட்டோமோ என்று பயந்தவர்கள் பலர். முனையத்தில் கடவுச்சொல்லைத் தட்டும்போது நட்சத்திரக் குறிகூடத் தோன்றாததால், விசைப்பலகை கெட்டுவிட்டது என்று நினைப்பவர்களும் உண்டு.

கட்டளைகளுக்கு முன்னால் அச்சிடும் குறிகளும் தொல்லை தருபவையே. டாலர் குறி சாதாரணப் பயனரையும், ஹேஷ் குறி ரூட் பயனரையும் காட்டும் என்பது எழுதுபவருக்குத் தெரியும். படிப்பவர் குறியையும் சேர்த்தே நகலெடுப்பார். டாலரோடு ஒட்டினால் பிழைச் செய்தியாவது வரும். ஹேஷ் குறியோடு ஒட்டினால் அந்த வரியே வெறும் குறிப்பாகிவிடும். எதுவும் நடக்காது, ஏன் நடக்கவில்லை என்றும் தெரியாது.

இத்தகைய இடங்களை அனுபவசாலியால் தானே கண்டுபிடிக்க முடியாது. அவர் விரல்கள் அவற்றைத் தாண்டிப் பழகிவிட்டன. வரைவைப் புதியவர் ஒருவரிடம் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, வாய் திறக்காமல் பார்ப்பதே சிறந்த சோதனை. அவர் எங்கே தயங்குகிறாரோ அங்கே ஒரு வரி குறைகிறது.

எழுதி முடித்ததோடு வேலை தீர்வதில்லை. கணினியின் பிணைய முகவரியைப் பார்க்க ‘ஐஎஃப்கான்ஃபிக்’ கொடுங்கள் என்று சொல்லும் பழைய பக்கங்கள் இன்னும் உலவுகின்றன. 2017-இல் வந்த டெபியன் 9 முதல் அந்தக் கருவி இயல்பாக நிறுவப்படுவதே இல்லை. வைஃபைக்கான கட்டற்றதல்லாத ஃபர்ம்வேரைத் தனியாகத் தேடிச் சேர்க்கும் முறையை விளக்கப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். 2023-இல் டெபியன் 12 அதை நிறுவியிலேயே சேர்த்ததும் அந்தப் பக்கங்கள் பழங்கதையாயின. எந்தப் பதிப்புக்கு எழுதியது என்று தலைப்பிலேயே குறிப்பிடாத ஆவணம் உதவுவதைவிடக் கெடுப்பதே அதிகம். ஆவணத்தில் உள்ள தவற்றை நிரலில் உள்ள பிழைக்குச் சமமாக நடத்துகிறது ஓபன்பிஎஸ்டி இயங்குதளத் திட்டம். அந்த ஒழுங்கு எல்லாத் திட்டங்களுக்கும் வேண்டும்.

தமிழில் இந்தப் பணி நடந்துகொண்டுதான் இருக்கிறது. டெபியன் நிறுவியைத் தமிழிலேயே இயக்கலாம். 2012-இல் தொடங்கிய ‘கணியம்’ மின்னிதழ் கட்டற்ற மென்பொருள்களை எளிய தமிழில் விளக்கி வருகிறது. இதில் பங்கெடுக்க நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. டெபியனின் நிறுவல் கையேட்டுக்கும் மற்றப் பொதிகளைப் போலவே வழு அறிக்கை அனுப்பலாம். புதிதாக நிறுவுபவர்கள், எந்தப் படியில் தடுமாறினோம், திரையில் என்ன தெரிந்தது என்று அன்றே குறித்து அனுப்பிவிடுங்கள். பழகிய பிறகு அது நினைவில் இருக்காது.