கான்ட்ராக்ட் கைமாறினால் கூலி குறையலாமா?

சென்னை மாநகராட்சியின் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களில் தூய்மைப் பணி 2025-இல் தனியார் நிறுவனத்தின் கைக்குப் போனது. அதுவரை மாதம் ஏறத்தாழ 23,000 ரூபாய் வாங்கிவந்த தங்களுக்குப் புதிய நிறுவனத்தில் 17,000 ரூபாய்கூட முழுதாக வராது என்றார்கள் பணியாளர்கள். தெரு மாறவில்லை, வேலை மாறவில்லை. சம்பளத்தில் மட்டும் கால்வாசி காணாமல் போகிறது. ஆகஸ்ட் 1 முதல் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை எதிரே போராட்டத்தில் அமர்ந்திருந்தவர்களை 13-ஆம் தேதி நள்ளிரவில் போலீசார் அப்புறப்படுத்தினார்கள். பணி நிரந்தரம் வேண்டும் என்ற அவர்களுடைய கோரிக்கை பரவலாகப் பேசப்பட்டது. சம்பள வெட்டு அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. ஆஸ்பத்திரி, வங்கி, ஐ.டி. கம்பெனி என்று ஏஜென்சி மூலம் ஆள் எடுக்கும் எல்லா இடங்களிலும் இருப்பவர்களைத் தொடும் விஷயம் அதுதான்.

ஏஜென்சித் தொழிலாளியின் கூலியை உண்மையில் தீர்மானிப்பது ஏஜென்சி அல்ல. டெண்டர் எழுதும் மூல முதலாளி, அதாவது வேலையை ஒப்பந்தத்துக்கு விடும் நிறுவனம். ஆட்களை வைத்தே நடக்கும் வேலையில் செலவின் பெரும்பகுதி சம்பளம். அங்கே குறைந்த விலை கேட்டவருக்கே வேலை என்றால், அந்தக் குறைவு யார் பையிலிருந்து வரும் என்பது டெண்டர் திறக்கும் முன்பே முடிவாகிவிடுகிறது. சட்டத்துக்கு இந்த உறவு தெரியாமல் இல்லை. ஒப்பந்ததாரர் கூலி கொடுக்கத் தவறினால் மூல முதலாளியே கொடுக்க வேண்டும் என்றது 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம். ஊதியத்தைக் குறைக்கும் முன் 21 நாள் நோட்டீஸ் தர வேண்டும் என்றது 1947-ஆம் ஆண்டு தொழில் தகராறுச் சட்டம். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் இவை இரண்டும் இருக்கின்றன. ஆனால் நோட்டீஸ் விதி ஒரே முதலாளியைத்தான் கட்டுப்படுத்தும். பழைய ஒப்பந்ததாரர் போய்ப் புதியவர் வந்தால், "நான் யார் சம்பளத்தையும் குறைக்கவில்லை, புதிதாக ஆள் எடுக்கிறேன்" என்று அவர் சொல்லிவிடலாம். பல வருடம் அதே இடத்தில் உழைத்தவர் ஒரே கையெழுத்தில் புது ஆளாகிவிடுகிறார். ஓட்டை இங்கேதான் இருக்கிறது.

கையில் வருவது குறைந்தாலும் பி.எஃப்., காப்பீடு கிடைக்கிறதே என்று ஒரு பதில் சொல்லப்படுகிறது. அவை வேண்டியவைதான், ஆனால் கணக்கைப் பார்க்க வேண்டும். பழைய சம்பளம் 23,000 முழுவதற்கும் 12 சதவீதம் பி.எஃப். பிடித்தாலும் 2,760 ரூபாய்தான் ஆகிறது, குறைவதோ 6,000. நிர்வாகம் செலுத்த வேண்டிய பங்கைத் தொழிலாளியின் கூலியிலிருந்து எடுக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. பொதுப்பணம் மிச்சமாகிறது என்பது இன்னொரு வாதம். நல்ல வண்டி, திறமையான மேற்பார்வை, வீணாகாத எரிபொருள் இவற்றால் மிச்சம் பிடித்தால் பாராட்டலாம். கூலியில் பிடிப்பதை நிர்வாகத் திறமை என்று என்னால் ஏற்க முடியாது. ஏழைக் குடும்பத்தின் வரவை நகரத்தின் கணக்குக்கு மாற்றுவதுதான் அங்கே நடக்கிறது. இதைத் தடுக்கவே முடியாது என்பதும் சரியல்ல. பிரிட்டனில் 2006-ஆம் ஆண்டு விதிகளின்படி, சேவை ஒப்பந்தம் கைமாறும்போது தொழிலாளர்கள் பொதுவாகப் பழைய ஊதியம், பணி நிபந்தனைகளோடு புதிய நிறுவனத்துக்குப் போகிறார்கள். சென்னை விவகாரத்திலும் உயர் நீதிமன்றம் தனியார்மயத் தீர்மானத்தை ரத்து செய்ய மறுத்தது. ஆனால் பணியாளர்கள் கடைசியாக வாங்கிய ஊதியம் காக்கப்பட வேண்டும் என்றது.

புதிய நிறுவனத்தின் நியமனத் தாளில் கையெழுத்துப் போடாவிட்டால் வேலையே போய்விடுமே என்ற பயம் உண்மையானது. தனி ஆளாக மறுத்து நிற்கும்படி யாருக்கும் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அந்தத் தாள் வரும் முன்பே செய்யக்கூடியவை உண்டு. பழைய சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், அடையாள அட்டை நகல் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். கூலிக் குறைப்பை ஏற்கவில்லை என்று கூட்டாகக் கடிதம் எழுதி, ஏஜென்சிக்கு ஒன்றும் மூல முதலாளிக்கு ஒன்றும் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். சங்கத்தின் மூலம் தொழிலாளர் துறையில் சமரசப் பேச்சுக்கு மனு கொடுங்கள். வாய்ப்பேச்சில் விட்டுவிட்டால் பிறகு எந்த அதிகாரி முன்பும் நிரூபிக்க எதுவும் இருக்காது.

நகரவாசிகளுக்கும் இதில் வேலை இருக்கிறது. உங்கள் பகுதித் தூய்மைப் பணிக்கு அடுத்த டெண்டர் வரும்போது வார்டு கவுன்சிலரிடம் ஒன்றைக் கேளுங்கள்: ஏற்கெனவே வேலை செய்பவர்களின் சம்பளம் குறையக் கூடாது என்ற நிபந்தனை அதில் இருக்கிறதா? இல்லையென்றால், அதைச் சேர்க்காமல் தீர்மானத்துக்குக் கை தூக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.