அழுகும் வாழைப்பழத்தில் எவ்வளவு டீசல் இருக்கிறது?

தக்காளி விலை படுத்துவிட்டால் திண்டுக்கல் மாவட்டத்தில் என்ன நடக்கும் என்பது ஊரறிந்த கதை. பறிப்புக் கூலிகூடக் கட்டாமல், விவசாயிகள் கூடை கூடையாகச் சாலையோரம் கொட்டிவிட்டுப் போவார்கள். இன்னொரு பக்கம், வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் பஸ்களும் லாரிகளும் கொண்டைஊசி வளைவுகளில் டீசலைக் குடித்துத் தள்ளுகின்றன. கொட்டுகிற கழிவிலிருந்தே அந்த டீசலை எடுக்க முடியுமா? முடியும். எந்தக் கழிவிலிருந்து, எவ்வளவு என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பயோடீசலுக்கு மூலப்பொருள் எண்ணெய். எண்ணெயோடு மெத்தனாலும் சிறிது காஸ்டிக் சோடாவும் சேர்த்துச் சூடாக்கினால் மேலே பயோடீசல் நிற்கும், அடியில் கிளிசரின் தங்கும். ஆனால் காய்கறி, பழக் கழிவில் எண்ணெய் ஏது? இருப்பதெல்லாம் தண்ணீர், சர்க்கரை, மாவு, நார். அந்தச் சர்க்கரையை எண்ணெயாக மாற்றித் தருபவை சில வகை ஈஸ்ட்கள். யாரோவியா லிப்போலிட்டிகா, ரோடோஸ்போரிடியம் டோருலாய்டிஸ் ஆகியவை இந்த ஆய்வுகளில் அடிக்கடி அடிபடும் பெயர்கள்.

இவற்றுக்குச் சர்க்கரையைத் தாராளமாகக் கொடுத்து, நைட்ரஜனை மட்டும் குறைத்துவிட வேண்டும். நைட்ரஜன் இல்லாமல் புரதம் கிடையாது. புரதம் இல்லாமல் செல் பெருகாது. ஆனாலும் அது தின்பதை நிறுத்துவதில்லை. பருப்பு இல்லாமல் வெறும் சோறாகத் தின்றவனுக்குத் தொப்பை விழுவதுபோல, மிஞ்சும் சர்க்கரையெல்லாம் கொழுப்பாகச் சேர்கிறது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் செல்லுக்குள் எண்ணெய்த் துளிகள் பளபளக்கும். நன்றாகக் கொழுத்த செல்லில் ஒரே துளி முக்கால் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். உலர்ந்த எடையில் 20 சதவீதத்துக்கு மேல் எண்ணெய் சேர்ப்பவையே இந்த வகையில் சேர்த்தி. ரோடோஸ்போரிடியம் 60 சதவீதத்தைக்கூடத் தாண்டும்.

மனிதக் கழிவிலேயே இதை முயன்றவர் ரூர்க்கியில் படித்து, அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பணிபுரியும் கார்த்திக் சந்திரன். 2011-இல் கேட்ஸ் அறக்கட்டளையின் 15 லட்சம் டாலர் உதவியோடு கானா நாட்டில் இந்தத் திட்டத்தைத் தொடங்கினார். கழிவு மட்கி மீத்தேன் ஆவதற்கு முன்பே, வினிகரில் இருப்பதைப் போன்ற அமிலங்களாக இருக்கும் கட்டத்திலேயே நிறுத்தி, அந்த அமிலங்களிலிருந்து நுண்ணுயிர்கள் வழியாக எண்ணெய் எடுப்பது அவர் வழி.

இனி நம் ஊர்க் கணக்குக்கு வருவோம். தக்காளியில் 94 சதவீதம் தண்ணீர். சர்க்கரை 3 சதவீதத்துக்குள். ஒரு கிலோ சர்க்கரையிலிருந்து ஈஸ்ட் தரும் எண்ணெய் நடைமுறையில் 200 கிராம் அளவுதான். அப்படியானால் ஒரு டன் தக்காளிக்கு 5, 6 கிலோ எண்ணெய். தொட்டிக்குள் காற்றை ஊதி, கலக்கி, ஈஸ்டை வடித்து, அதன் கெட்டியான செல்சுவரை உடைப்பதற்கான செலவை இந்த எண்ணெய் ஈடுகட்டாது. தக்காளியும் முட்டைக்கோஸ் இலையும் பயோகாஸ் தொட்டிக்குப் போவதே சரி. சென்னைக் கோயம்பேட்டில் நாளொன்றுக்கு 30 டன் சந்தைக் கழிவைக் கையாளும் அளவில் அமைத்த நிலையம் இந்த வழியில்தான் மின்சாரம் எடுத்தது.

வாழைப்பழத்தின் கணக்கு வேறு. கனிந்த பழத்தின் சதையில் சர்க்கரை 12 சதவீதத்துக்குக் குறையாது. தோல் நீக்கிய ஒரு டன்னுக்கு 20 கிலோவுக்கு மேல் எண்ணெய் தேறும். கீழ்ப்பழனி மலைத் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கமிருந்து வரும் மலைவாழையில் அடிபட்டதையும் கனிந்து உதிர்ந்ததையும் தனியே ஒதுக்கினால், ஒரு சிறு சோதனை ஆலையாவது வைத்துப் பார்க்கலாம் என்பது என் கருத்து. ஒரு நிபந்தனை: ஒதுக்குவது அன்றைக்கே நடக்க வேண்டும். குவியலில் கிடந்தால் காற்றில் வரும் கிருமிகளே இரண்டொரு நாளில் சர்க்கரையைத் தீர்த்துவிடும்.

இன்றைக்கே கைக்கெட்டும் எண்ணெய் ஒன்றும் இருக்கிறது. ஓட்டல்களிலும் பஜ்ஜிக் கடைகளிலும் மிஞ்சும் பொரித்த எண்ணெய்! திரும்பத் திரும்பக் காய்ச்சுவதால் உருவாகும் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் சமைக்கக் கூடாது என்ற விதி 2018 ஜூலையிலிருந்து நடைமுறையில் உள்ளது. அப்படி ஒதுக்கும் எண்ணெய்க்கு ஈஸ்டும் வேண்டாம், சர்க்கரையும் வேண்டாம்; நேரே பயோடீசல் ஆகும். சீசன் நேரத்தில் கொடைக்கானல் சாலை நெடுகக் கொதிக்கும் வாணலிகளை நினைத்தால், முதலில் தொடங்க வேண்டிய இடம் இதுதான்.

மலைக்கென்றே ஒரு சிக்கலும் உண்டு. ஈஸ்ட் எண்ணெய் பெரும்பாலும் பாமாயில் குணம் கொண்டது. பாமாயில் பயோடீசல் 15 டிகிரி வாக்கிலேயே கலங்கத் தொடங்கும். மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழும் கொடைக்கானலில் அதை மட்டும் டேங்கில் ஊற்றி நிறுத்திவைத்தால், காலையில் ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். சாதாரண டீசலில் 5 சதவீதம் கலந்தால் இந்தத் தொல்லை பெருமளவு இல்லை. 2018-ஆம் ஆண்டின் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை 2030-க்கு வைத்த இலக்கும் அதே 5 சதவீதம்தான்.