அட்டவணையில் இல்லாத மூன்று நாள்கள்

இருபது ஆண்டு இல்லறத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு வாரத்துக்கு மேல் வெளியூரில் தங்கியதில்லை. எங்களில் ஒருவர் வங்கி அதிகாரி. மற்றவர் பள்ளி ஆசிரியை. மார்ச்சில் கணக்கு முடிப்பு, ஏப்ரலில் விடைத்தாள், மே மாதத்தில் உறவினர் திருமணங்கள் என்று ஆண்டுகள் ஓடிவிட்டன. மகள் கல்லூரி விடுதிக்குச் சென்ற பிறகுதான், ஆளுக்கொரு முதுகுப்பையுடன் தென் அமெரிக்க நகரங்களைக் கண்டு வருவதென்று துணிந்தோம். 2023 அக்டோபரில், தசரா விடுமுறையோடு சேமித்து வைத்த விடுப்பையும் சேர்த்து இருபத்தாறு நாள்கள் கிடைத்தன.

பயண அட்டவணையைத் தயாரித்தவர் வங்கி அதிகாரியே. லிமா, குஸ்கோ, லா பாஸ், பொட்டோசி, புவெனஸ் ஐரிஸ் என ஒவ்வொரு நாளுக்கும் ஓர் ஊர், ஒவ்வோர் இரவுக்கும் ஒரு விடுதி. ஒரு பொழுதும் வீணாகாதபடி கணக்கிட்டிருந்தோம். அந்தக் கணக்கில்தான் பிழை இருந்தது.

கடலோரத்திலிருந்து மலையுச்சிக்கு

பெரு நாட்டின் தலைநகரான லிமா பசிபிக் கடலை நோக்கிய செங்குத்தான மேட்டில் அமைந்துள்ளது. மழை ஏறக்குறைய இல்லாத பாலை நிலம். ஆனாலும் வானம் மேகமூட்டமாகவே இருந்தது. மீனை எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்துப் பரிமாறும் 'செவிச்சே' அந்நகரின் பெருமை. நாங்கள் சைவர்கள் என்பதால் உருளைக்கிழங்கையும் சோளத்தையும் நாடினோம். உருளைக்கிழங்கின் தாயகமே ஆண்டீஸ் மலைப் பகுதிதான். மஞ்சளும் ஊதாவுமாகச் சந்தையில் குவிந்திருந்த வகைகளைக் கண்டபோது, நம் வீட்டு மசாலாவுக்குள் இருப்பது அக்குடும்பத்தின் ஓர் உறுப்பினர் மட்டுமே என்று புரிந்தது.

லிமாவிலிருந்து குஸ்கோவுக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவு. அதற்குள் கடல்மட்டத்திலிருந்து 3,400 மீட்டர் உயரத்துக்கு வந்துவிடுகிறோம். ஓய்வெடுக்குமாறு விடுதிப் பெண்மணி கூறினார். அட்டவணையோ அன்று பிற்பகலே நகர் காணச் சொன்னது.

இன்கா பேரரசின் தலைநகராக விளங்கிய குஸ்கோவில் கற்களே வரலாறு. கோரிகாஞ்சா என்னும் சூரியன் கோயிலின் சுவர்கள்மேல் ஸ்பானியர் தம் மடாலயத்தை எழுப்பினர். 1950ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் மடாலயம் பெரிதும் சேதமுற்றது. சாந்தின்றி அடுக்கப்பட்ட இன்கா சுவர்கள் நிலைத்து நின்றன. அருகிலுள்ள தெருவொன்றில் பன்னிரண்டு மூலைகள் கொண்ட ஒரு கல், பக்கத்துக் கற்களோடு இடைவெளியின்றிப் பொருந்தியிருக்கிறது. அதன் மூலைகளை எண்ணிக்கொண்டிருந்தபோதே ஆசிரியைக்குத் தலைவலி தொடங்கிவிட்டது.

நள்ளிரவில் ஒரு பாடம்

இரவு பத்து மணிக்குள் வாந்தியும் மூச்சுத்திணறலும் சேர்ந்துகொண்டன. உள்ளூரில் 'சொரோச்சே' என்று அழைக்கப்படும் மலைநோய் அது. விடுதிப் பெண்மணி முதலில் கோகா இலைத் தேநீர் தந்தார். பின்னர் பிராணவாயு உருளையைக் கொணர்ந்தார். இறுதியில் மருத்துவரை அழைத்தார். பரிசோதித்த மருத்துவர், காலையிலேயே தாழ்வான ஊருக்கு இறங்கி, அங்கே சில நாள்கள் தங்குமாறு அறிவுறுத்தினார்.

மருத்துவக் கட்டணத்தை ரொக்கமாகத் தர வேண்டியிருந்தது. எங்களிடம் இருந்த 100 டாலர் நோட்டை நீட்டினோம். அதன் ஓரத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு கிழிசல். மருத்துவர் வருத்தத்துடன் திருப்பித் தந்தார். கிழிந்த டாலரை அங்கே யாரும் வாங்குவதில்லையாம். கிழிந்த நோட்டுகளை மாற்றித் தருவதை அன்றாடப் பணியாகக் கொண்டவருக்கு அது புதிய அனுபவம்.

அருகிலிருந்த ஏ.டி.எம். இயந்திரத்துக்கு விரைந்தால், நூறு அடி நடப்பதற்குள் மூச்சு வாங்கியது. அந்நியச் செலாவணி அட்டையை அந்த இயந்திரம் ஏற்கவில்லை. டெபிட் அட்டையோ வெளிநாட்டுப் பயன்பாட்டுக்கு இயக்கப்படவே இல்லை. 2020 முதல், புதிதாக வழங்கப்படும் அட்டைகள் உள்நாட்டில் மட்டுமே இயங்கும். வெளிநாட்டுப் பயன்பாட்டை வாடிக்கையாளரே இயக்கிக்கொள்ள வேண்டும். இதைக் கிளையில் எத்தனையோ பேருக்கு எடுத்துரைத்தவர், தம் அட்டையில் செய்யத் தவறியிருந்தார். விடுதிக்குத் திரும்பி, அங்குள்ள இணைய வசதியில் வங்கிச் செயலியைத் திறந்து அனுமதியை இயக்கி, மீண்டும் இயந்திரத்துக்குச் சென்று பணம் எடுத்து வருவதற்குள் நள்ளிரவு கடந்துவிட்டது. மருத்துவர் அதுவரை நோயாளியின் அருகிலேயே அமர்ந்திருந்தார்.

ஒயாந்தாய்தம்போவில்

மறுநாள் வாகனத்தில் இரண்டு மணி நேரம் பயணம் செய்து, சுமார் 2,800 மீட்டர் உயரத்திலுள்ள ஒயாந்தாய்தம்போவுக்கு இறங்கினோம். இன்காக்கள் வகுத்த தெருக்களில் மக்கள் இன்றும் வாழும் சிற்றூர் அது. கற்சந்துகளின் ஓரமாக வாய்க்கால் நீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. மாலைக்குள் தலைவலி குறைந்தது. மறுநாள் பசி எடுத்தது. சதுக்கத்து இருக்கையில் அமர்ந்து, வேகவைத்த சோளத்தைப் பாலாடைக்கட்டியுடன் உண்டபடி, பள்ளி விட்டு வரும் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்போது ஆசிரியை கேட்டார்: "அவசரத் தேவைக்கு ஆறு மாதச் செலவைத் தனியே வையுங்கள் என்று எல்லாருக்கும் சொல்கிறீர்களே, இருபத்தாறு நாளில் ஒரு நாளையாவது தனியே வைத்தீர்களா?"

அதிகாரியிடம் பதில் இல்லை. மூன்று நாள்கள் அங்கேயே தங்கினோம். லா பாஸிலிருந்து புவெனஸ் ஐரிஸுக்கான விமானத் தேதியை மாற்ற இயலாததால், அந்த மூன்று நாள்களை வேறோர் ஊரிலிருந்து எடுக்க வேண்டியிருந்தது. பொட்டோசியை விட்டுவிட்டோம்.

வணிகவியல் பயின்றவருக்கு அது எளிய முடிவன்று. 1545இல் பொட்டோசி மலையில் வெள்ளி கண்டறியப்பட்டது. 1572இல் அங்கே நாணயச்சாலை தொடங்கியது. அம்மலையின் வெள்ளி ஐரோப்பா வழியாகவும் மணிலா வழியாகவும் ஆசியச் சந்தைகள் வரை புழங்கியது. அந்த நாணயச்சாலையை நேரில் காண வேண்டும் என்பது கல்லூரி நாளிலிருந்து வளர்ந்த ஆசை. ஆனால் அவ்வூர் 4,000 மீட்டருக்கும் மேலே உள்ளது. முன்பணம் செலுத்திய விடுதி வாடகையும் பேருந்துக் கட்டணமும் திரும்பவில்லை. அவற்றை இழப்பாக எழுதிக்கொண்டோம்.

மீண்டும் பயணம்

உடல் பழகிய பின் மெல்ல மேலேறினோம். டிட்டிகாக்கா ஏரியின் திக்கினா நீரிணையில் பயணிகளைப் படகில் ஏற்றிவிட்டு, பேருந்தைத் தனியே ஒரு மிதவையில் அக்கரை சேர்க்கிறார்கள். லா பாஸில் 2014 முதல் கம்பிவட ஊர்திகளே நகரப் போக்குவரத்தாகியுள்ளன. மூன்று பொலிவியானோ கட்டணத்தில், வேலைக்குச் செல்வோருடன் அமர்ந்து எல் ஆல்டோ மேட்டுக்கு ஏறினோம். இம்முறை மூச்சு சீராக இருந்தது.

புவெனஸ் ஐரிஸில் எங்களுக்கு அட்டவணையே இல்லை. 1919இல் கட்டிய நாடக அரங்கொன்று இன்று புத்தகக் கடையாக இயங்குகிறது. அதில் ஒரு பிற்பகல் முழுவதும் இருந்தோம். அவ்வாண்டு அர்ஜென்டினாவில் விலைவாசி ஓராண்டில் 200 விழுக்காட்டுக்கு மேல் உயர்ந்தது. உணவகப் பட்டியல்களில் பழைய விலைமேல் புதிய விலையை ஒட்டியிருந்தனர். 2001 டிசம்பரில் வாரத்துக்கு 250 பெசோவுக்கு மேல் வங்கியிலிருந்து எடுக்க முடியாத நிலையைக் கண்ட மக்கள் அவர்கள். சேமிப்பின் மதிப்பு நாணயத்தின் உறுதியைப் பொறுத்தது என்பதை அங்கே கண்ணால் கண்டோம்.

புறப்படுமுன்

• இரு வேறு அட்டைகளை எடுத்துச் சென்று, தனித்தனிப் பைகளில் வையுங்கள். வெளிநாட்டுப் பயன்பாட்டை வீட்டிலேயே இயக்கிவிடுங்கள், திரும்பியதும் நிறுத்திவிடுங்கள்.

• டாலர் நோட்டுகளைக் கிழிசலும் கறையும் இல்லாதவையாகக் கேட்டு வாங்குங்கள்.

• மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் புறப்படுவதற்குப் பத்து நாள்களுக்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். சான்றிதழின்றித் திரும்பினால் இந்தியாவில் தனிமைப்படுத்தப்பட நேரலாம்.

• பயணக் காப்பீடு அவசியம். மருத்துவ ரசீதைப் பத்திரப்படுத்தியதால் எங்கள் செலவு திரும்பக் கிடைத்தது.

• வாரத்துக்கு ஒரு நாளையேனும் எந்த ஊருக்கும் ஒதுக்காமல் வையுங்கள்.

இருபத்தாறு நாள்களில் எதை மிகவும் விரும்பினீர்கள் என்று உறவினர்கள் கேட்கிறார்கள். இருவரும் ஒரே ஊரின் பெயரைத்தான் சொல்கிறோம். அது எங்கள் அட்டவணையில் இல்லாத ஊர்.