உங்களுக்குத் தெரியுமா? மொட்டை மாடி சோலார்

● சித்திரை முதல் தேதியை ஒட்டி, இராமநாதபுரம் மாவட்டம் சாயல்குடியில் உச்சி வெயிலில் நின்று பாருங்கள். நிழல் காலடியிலேயே சுருண்டு கிடக்கும். ஊர் 9 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருப்பதால் சூரியன் அப்போது நேர் தலைக்கு மேல் வந்துவிடுகிறது. அதன்பின் ஆகஸ்ட் கடைசி வரை நண்பகலில் வடக்குப் பக்கமாகவே நிற்கும். “தெற்குப் பார்க்க இடமில்லையே, சோலார் எடுக்குமா?” என்று இங்கே யாரும் கவலைப்பட வேண்டாம். 10 டிகிரி சாய்வு போதும். கிழக்கு, மேற்காகத் திருப்பினாலும் இழப்பு சொற்பம். தட்டையாகப் படுக்கவைத்தால்தான் மழையில் புழுதி வடியாமல் தேங்கும்.

● 1954-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகம் காட்டிய சிலிக்கான் சோலார் செல், தன்மேல் விழுந்த வெயிலில் சுமார் 6 சதவீதத்தையே மின்சாரமாக்கியது. இன்று கடையில் கிடைக்கும் நல்ல பேனல் 21, 22 சதவீதம் எடுக்கிறது.

● சரி, இதனால் வீட்டுக்காரருக்கு என்ன லாபம்? இடம். பழைய 250 வாட் பேனல் ஒன்று ஏறக்குறைய பதினேழரை சதுர அடி. 3 கிலோவாட்டுக்கு 12 பேனல், 210 சதுர அடி. இப்போதைய 550 வாட் பேனல் சுமார் 28 சதுர அடி. ஆறே பேனலில், 168 சதுர அடிக்குள் 3.3 கிலோவாட் வந்துவிடுகிறது. மிச்ச இடத்தில் முண்டு வத்தல் காயப்போடலாம். ஆனால் ஒன்று: 15 சதவீதப் பேனலில் போட்ட 3 கிலோவாட்டும், 22 சதவீதத்தில் போட்ட 3 கிலோவாட்டும் தருவது கிட்டத்தட்ட ஒரே யூனிட்தான், நாளுக்குச் சராசரியாக 12. சதவீதத்தைப் பெருமையாகச் சொல்லி விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. பேனல் எண்ணிக்கை குறைந்தால் ஸ்டாண்டு, வயர் செலவு கொஞ்சம் குறையும். மாடி விசாலமாக இருந்தால், ஒரு சதவீதம் கூடுதல் என்பதற்காக அதிக விலை கொடுப்பது வீண்.

● அந்த 22 சதவீதம்கூட, செல்லின் சூடு 25 டிகிரி இருக்கும்போது சோதனைக்கூடத்தில் அளந்தது. கத்திரி வெயிலில் மாடிப் பேனல் 60, 65 டிகிரிக்குக் கொதிக்கும். பழைய ரகங்களில் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி 0.4 சதவீதம் இறங்கும். 40 டிகிரி கூடினால் 16 சதவீதம் போச்சு. ‘டாப்கான்’ என்ற புது ரகத்தில் இறக்கம் டிகிரிக்கு 0.3 சதவீதம்தான். இராமநாதபுரம் மாவட்டத்துக்குப் பார்க்கவேண்டிய எண் இதுதான். பேனலுக்கு அடியில் காற்று ஓட இடம் விட்டு ஸ்டாண்டை உயர்த்தினால் சூடு இன்னும் தணியும்.

● மாரியூர், வாலிநோக்கத்தில் தமிழ்நாடு உப்பு நிறுவனத்தின் உப்பளங்கள் இருக்கின்றன. அதே உப்புக்காற்றுதான் உங்கள் மாடிக்கும் வருகிறது. பேனல் தாங்கினாலும் போல்ட்டும் ஸ்டாண்டும் துரு ஏறிவிடும். உப்புக்காற்றைத் தாங்குமா என்பதற்கு ஐ.இ.சி. 61701 என்றொரு சோதனை உண்டு. அந்தச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். போல்ட் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். உவர்ப்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் காய்ந்ததும் கண்ணாடியில் வெள்ளையாகப் படியும். நல்ல தண்ணீரில், வெயில் ஏறுமுன் கழுவுவதே முறை.

● பக்கத்துக் கமுதியில் 2016-ல் 2,500 ஏக்கரில் அமைந்த 648 மெகாவாட் அதானி சூரிய மின் நிலையத்தில் பேனல் துடைப்பது ரோபோக்களின் வேலை. நம் மாடிக்கு நாம்தான் ரோபோ.

● தண்ணீர் டேங்க்கின் நிழல் பேனலின் ஓர் ஓரத்தில் விழுந்தால், அந்த ஓரம் மட்டும் படுப்பதில்லை. செல்கள் வரிசையாகக் கோக்கப்பட்டிருப்பதால் பேனலில் மூன்றில் ஒரு பங்கு முடங்கலாம். பாதி பாதியாக வெட்டிய செல் கொண்ட ‘ஹாஃப் கட்’ பேனலில் இந்த நஷ்டம் குறைவு. டேங்க்கை நகர்த்துவது அதைவிட மலிவு.

● ஊரில் கரண்ட் போனால், மின்வாரிய லைனோடு சேர்ந்த சாதாரண சோலாரும் நின்றுவிடும், நட்ட நடுப்பகலிலும். கம்பத்தில் வேலை செய்யும் ஊழியருக்கு ஷாக் அடிக்காமலிருக்க இந்த ஏற்பாடு. தடையில்லாமல் வேண்டுமென்றால் பேட்டரிக்குத் தனிச் செலவு.

● ஆய்வகத்தில் பெரோவ்ஸ்கைட் என்ற பொருளும் சிலிக்கானும் சேர்ந்த செல் 34 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. பெரோவ்ஸ்கைட்டுக்கு ஈரம் ஆகாது. கடற்கரை மாடியில் 25 வருஷம் உழைக்கும் என்று அது இன்னும் நிரூபிக்கவில்லை. அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

● 2024-ல் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 3 கிலோவாட்டுக்கு மொத்தம் 78,000 ரூபாய் மானியம். செல்லும் பேனலும் இந்தியாவில் செய்ததாக இருக்கவேண்டும். திருநெல்வேலி கங்கைகொண்டானில் உள்ள டாடா ஆலையிலேயே இரண்டும் தயாராகின்றன. 10 கிலோவாட் போட்டாலும் மானியம் அதே 78,000 ரூபாய்தான்.