முருங்கையை வெட்டத் தயங்காதீங்க... ஆடிக் காற்றுக்கு முன் ஒரு கவாத்து!

வருசநாட்டுப் பக்கம் கொல்லையில் முருங்கை நிற்கும் வீடுகள் ஏராளம். அவற்றில் பல மரங்கள் கூரையைத் தாண்டி வளர்ந்திருக்கும். காய் உச்சியில் தொங்கும்; தொரட்டிக்கும் எட்டாது. கடைசியில் காசு கொடுத்துக் கடையில் முருங்கைக்காய் வாங்குவோம். ஆடிக் காற்று வீசத் தொடங்கிவிட்டால், எந்தக் கிளை ஒடிந்து ஓட்டின் மேல் விழுமோ என்ற பயம் வேறு.

காரணம் ஒன்றுதான். வளர்த்த மரத்தில் அரிவாள் வைக்க நமக்கு மனசு வருவதில்லை.

வெட்டினால்தான் காய்

மேகமலைக்கு அந்தப் பக்கம், கம்பம் பள்ளத்தாக்குத் திராட்சைப் பந்தலைப் பாருங்கள். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சைக்கு ஊரே இதுதான். அங்கே அறுவடை முடிந்த கொடியைச் சும்மா விடுவதில்லை. சில கணுக்களை மட்டும் விட்டுவிட்டு வெட்டிவிடுவார்கள். பார்த்தால் காய்ந்த குச்சி போலிருக்கும். அந்தக் கணுவில் துளிர்க்கும் புதுக் கிளையில்தான் பூங்கொத்து வரும். ஏறக்குறைய நான்கு மாதத்தில் பழம் பறிக்கலாம்.

முருங்கையும் அப்படித்தான். 'முருங்கையை ஒடிச்சு வளர்க்கணும், பிள்ளையை அடிச்சு வளர்க்கணும்' என்பார்கள். பிள்ளை விஷயத்தை விட்டுவிடுவோம். முருங்கை விஷயம் நூற்றுக்கு நூறு உண்மை.

நம் மாவட்டத்துப் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த செடிமுருங்கை ரகம் பி.கே.எம்-1. விதை போட்ட செடி இரண்டரை அடி வந்ததும் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். பக்கக் கிளைகள் வெடிக்கும். காய்ப்பு ஓய்ந்ததும் தரையிலிருந்து மூன்றடி விட்டு வெட்டினால், நான்கைந்து மாதத்தில் மறுபடி காய்க்கும். இப்படி மூன்று வருஷம் வரை பலன் எடுக்கலாம்.

பெரிய கிளையை எப்படி வெட்டுவது?

ஒரே வெட்டாக மேலிருந்து வெட்டினால், கிளை தன் பாரத்தில் சாய்ந்து தண்டின் பட்டையையும் உரித்துக்கொண்டு போகும். மூன்று வெட்டாகச் செய்யுங்கள்.

1. தண்டிலிருந்து ஒரு அடி தள்ளி, கிளையின் அடிப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு ரம்பத்தால் அறுக்கவும்.
2. அதற்குச் சற்று வெளியே, மேலிருந்து முழுதாக அறுக்கவும். கிளை பட்டையைக் கிழிக்காமல் விழும்.
3. மிச்சமிருக்கும் கட்டையை, கிளை தண்டோடு சேரும் புடைப்பை ஒட்டி அறுக்கவும். புடைப்பைச் செதுக்கிவிடக் கூடாது. மரம் காயத்தை மூடுவது அங்கிருந்துதான்.

கத்தியும் ரம்பமும் கூர்மையாக இருக்கட்டும். நோய் தாக்கிய கிளையை வெட்டிய பின், ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள்.

மற்ற மரம், செடிகளுக்கு?

மா: மூன்று வருஷத்துக்கு ஒருமுறை, ஆகஸ்ட் - செப்டம்பரில். காய்ந்தது, ஒன்றோடொன்று உரசுவது, உள்பக்கம் அடைத்து நிற்பது ஆகிய கிளைகளை மட்டும் எடுங்கள். தள்ளிப்போட்டு மார்கழியில் நுனிகளை வெட்டினால், பூவையும் சேர்த்து வெட்டுகிறீர்கள்.

மல்லிகை: நவம்பர் கடைசியில், தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு.

தென்னை: இதற்குக் கவாத்தே கிடையாது. குருத்து ஒன்றுதான், அது போனால் மரமே போச்சு. காய்ந்த மட்டையை மட்டும் எடுங்கள். பச்சை மட்டையை வெட்டினால் காய்ப்பு குறையும்.

உயிர் முக்கியம்

முருங்கைக் கிளை பார்க்கத் தடிமனாக இருக்கும்; ஆள் பாரம் தாங்காது. அதனால் மரத்தில் ஏறவே கூடாது. பிள்ளைகளையும் ஏற்றிவிடாதீர்கள். கீழே நின்று, நீளக் கம்பில் கட்டிய அரிவாளாலோ ரம்பத்தாலோ, நுனியிலிருந்து துண்டு துண்டாக இறக்குங்கள். கிளை மின்கம்பியை ஒட்டியிருந்தால் நீங்கள் கையே வைக்க வேண்டாம். 'மின்னகம்' எண் 94987 94987-க்குச் சொல்லுங்கள். மின்வாரிய ஆட்கள் வந்து மின்சாரத்தை நிறுத்திய பிறகுதான் வெட்ட வேண்டும். எந்த மரமானாலும், வெட்டுவதற்கு முன் குருவிக் கூடு இருக்கிறதா என்று ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிடுங்கள்.

வெட்டிய கிளையும் வீணில்லை. கீரை அன்றைக்குச் சமையலுக்கு. மரமுருங்கையாக இருந்தால், மூன்று நான்கடி நீளமுள்ள முற்றிய கம்பாகப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள். நட்டால் துளிர்த்துவிடும். அடுத்த வருஷம் அவர்கள் வீட்டுச் சாம்பாரிலும் உங்கள் முருங்கை மணக்கும்!